தோட்டத்துக்கு மேலே இருக்கும் வட்டப் பள்ளம் விண்கல் விழுந்த இடமா?

மலைச்சாரல் (தலவாக்கலை) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். செய்மதிப் படத்தில் எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேல் டிவிசனுக்குப் பின்னால், காட்டோரமாக, ஒரு வட்டப் பள்ளம் கண்ணில் பட்டது. சுற்றிவர மேடு, நடுவில் சதுப்பு. அகலம் அரைக் கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். சின்ன வயதில் விறகுக்குப் போன இடம்தான். கீழே நின்றால் அது வட்டம் என்றே தெரியாது, மேலிருந்து பார்த்தால்தான் தெரிகிறது. லயத்துப் பெரியவர்கள் அதைக் 'கல்லு விழுந்த பள்ளம்' என்பார்கள்.

எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, அது உண்மையிலேயே விண்கல் விழுந்த குழியாக இருக்குமா? இரண்டு, நிலா முழுக்கக் குழியாக இருக்கிறதே, பக்கத்திலேயே இருக்கும் பூமியில் ஏன் அப்படி இல்லை?

பனிக்காடு (நுவரெலியா) எழுதியது:

தம்பி, இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். நிலாவில் காற்று இல்லை, வருவதெல்லாம் நேராகத் தரையில் விழும். நமக்கு வளிமண்டலம் இருக்கிறது, வரும்போதே எரித்துவிடும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததும் இதுதான்.

முதல் கேள்வியில் எனக்கு ஒரு சந்தேகம். வானத்திலிருந்து வரும் கல் பெரும்பாலும் சாய்வாகத்தானே வரும்? அப்படியானால் குழி நீளவாக்கில் இருக்க வேண்டும். வட்டமாக இருக்கிறது என்பதே அது விண்கல் இல்லை என்று காட்டாதா?

ஊவாக்காற்று (பண்டாரவளை) எழுதியது:

மண்ணும் பாறையும் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பனிக்காடு அண்ணன் கேட்ட கேள்வியில்தான் விஞ்ஞானிகளும் வெகுகாலம் மாட்டிக்கொண்டு நின்றார்கள். நிலாவின் குழிகள் எல்லாம் வட்டமாக இருப்பதால் அவை எரிமலை வாய்கள் என்றே 20ஆம் நூற்றாண்டிலும் பலர் நம்பினார்கள். முடிச்சு அவிழ்வது வேகத்தில். பூமிக்கு வரும் கல்லின் வேகம் குறைந்தது செக்கனுக்கு 11 கிலோமீற்றர். அந்த வேகத்தில் மோதும் கல் மண்ணைத் தோண்டிக்கொண்டு போவதில்லை. அதன் இயக்க சக்தி நொடிக்கும் குறைவான நேரத்தில் ஒரே இடத்தில் வெளிப்பட்டு வெடிக்கிறது. வெடிப்பு எல்லாத் திசையிலும் ஒரேயளவாகத் தள்ளுவதால் குழி வட்டமாகிறது. ஏறக்குறைய 15 பாகைக்கும் குறைவான சாய்வில், தரையை உரசுகிற மாதிரி வந்தால்தான் நீள்வட்டக் குழி கிடைக்கும். அதனால் வட்டம் என்பது விண்கல்லுக்கு எதிரான சான்று இல்லை.

ஆனால் ஆதரவான சான்றும் இல்லை. இதைத்தான் மலைச்சாரல் தம்பி கவனிக்க வேண்டும். உலகத்தில் வட்டமான பள்ளங்கள் ஏராளம். எரிமலை, சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டான குழி, மண்சரிவு, ஓடை அரித்த பள்ளம் என்று காரணமும் பல. அமெரிக்காவில் அரிசோனாவில் 1.2 கிலோமீற்றர் அகலமும் 170 மீற்றர் ஆழமும் உள்ள ஒரு குழி இருக்கிறது. பாரிங்கர் என்ற சுரங்கப் பொறியாளர், இரும்பு விண்கல் உள்ளே புதைந்திருக்கிறது என்று நம்பி, பல வருடம் துளை போட்டுத் தேடினார். கிடைக்கவில்லை. வந்தது ஏறக்குறைய 50 மீற்றர் இரும்புக் கல்தான், அதில் பெரும்பகுதி மோதிய வேகத்தில் ஆவியாகவும் உருகிய துளிகளாகவும் சிதறிப் போய்விட்டது. அது விண்கல் குழிதான் என்பதை 1960இல் யூஜின் ஷூமேக்கரும் கூட இருந்தவர்களும் பாறையை வைத்து நிரூபித்தார்கள். அங்கே கிடைத்த கோசைட் என்ற கனிமம், சாதாரணக் குவாட்ஸ் பயங்கர அழுத்தத்துக்கு ஆளானால் உண்டாவது. மேற்பரப்பில் அந்த அழுத்தம் வர வேறு வழியில்லை.

ஆக, தேட வேண்டியது வட்டத்தை இல்லை, அடிபட்ட பாறையை. குவாட்ஸ் மணிகளை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் இணையான கோடுகள் அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும். பாறையில் கூம்பு வடிவ வெடிப்புகள் இருந்தால் அதுவும் சாட்சி.

இன்னொன்று, நம் மலையகத்துக்கே உரிய விஷயம். நாம் கொழுந்து பறிக்கும் இந்த மலைகளின் பாறை ஒரு காலத்தில் தரைக்குக் கீழே 20 கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில், 800 பாகை வெப்பத்தில் வெந்த பாறை. அது நடந்து 50 கோடி வருடத்துக்கு மேலாகிறது. அது இன்றைக்கு நம் காலடியில் இருக்கிறதென்றால், மேலே இருந்த அத்தனை கிலோமீற்றர் பாறையும் மழையோடும் ஆற்றோடும் கடலுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அந்தப் பழைய தரையில் எத்தனை குழி இருந்ததோ, எல்லாம் மண்ணோடு போயிற்று. மிச்சம் ஒன்று இருப்பதானால் அண்மைக் காலத்தில் விழுந்ததாக இருக்க வேண்டும். அப்படி இலங்கையில் உறுதிப்படுத்தப்பட்ட குழி எதுவும் இல்லை. நமக்குக் கிட்ட இருப்பது மகாராஷ்டிரத்தில் உள்ள லோனார். 1.8 கிலோமீற்றர் அகலம், எரிமலைப் பாறையில் விழுந்த குழி, உள்ளே உப்பும் காரமும் கலந்த ஏரி.

பதுளை டீச்சர் எழுதியது:

ஊவாக்காற்று சொன்ன கடைசிப் பந்தியில்தான் இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. பனிக்காடு அண்ணன் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியை விட்டுவிட்டால் முழுதும் பிழையாகப் புரிந்துவிடும், பரீட்சைத் தாளில் பிள்ளைகள் எழுதுவதும் இப்படித்தான். அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

குழி உண்டாகாமல் தடுப்பது ஒரு வேலை. உண்டான குழியை அழிப்பது இன்னொரு வேலை. வளிமண்டலம் முதல் வேலையை ஓரளவுக்குத்தான் செய்கிறது. பூமியின் காற்று நிறுத்துவது சில பத்து மீற்றர் வரையுள்ள கற்களை. ஒரு கிலோமீற்றர் கல்லுக்கு நம் காற்று ஒரு பொருட்டே இல்லை, சில செக்கன்களில் துளைத்துக்கொண்டு வந்துவிடும். நிலாவில் வெறும் கண்ணுக்கும் சின்னத் தொலைநோக்கிக்கும் தெரியும் பெரிய குழிகளை உண்டாக்கியவை எல்லாம் அப்படிப்பட்ட பெரிய கற்கள். அவை பூமியிலும் விழுந்தன. பூமி பெரிய இலக்கு, ஈர்ப்பும் அதிகம் என்பதால் நிலாவை விட அதிகமாகவே விழுந்திருக்கும்.

அப்படியானால் அந்தக் குழிகள் எங்கே? பூமியில் உறுதியாகக் கண்டுபிடிக்கப்பட்டவை ஏறக்குறைய 200தான். நிலாவில் ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்டவை மட்டும் பத்து லட்சத்தைத் தாண்டும் என்று கணக்கிடுகிறார்கள். பூமியில் பத்தில் ஏழு பங்கு கடல். கடலடித் தளமோ 20 கோடி வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் பூமிக்குள் போய்ப் புதிதாகி வருகிறது. நிலத்தில் மழை, ஆறு, பனிப்பாறை, மலை எழும்புதல், எரிமலைக் குழம்பு. டைனோசர்களின் காலத்தை முடித்த 180 கிலோமீற்றர் குழிகூட இன்றைக்கு மெக்சிக்கோவின் யுக்காட்டான் கரையில் வண்டலுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. 6 கோடியே 60 லட்சம் வருடத்துக்கு முந்தியது அது. மேலே நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

நிலாவில் இந்த அழிக்கும் வேலைக்கு ஆளில்லை. புதிதாக விழும் கல்தான் பழைய குழியை அழிக்க வேண்டும்.

பனிக்காடு எழுதியது:

டீச்சர், நன்றாகப் புரிகிறது. ஆனால் சில பத்து மீற்றர் என்றீர்கள். அது காற்று எவ்வளவு அடர்த்தி என்பதைப் பொறுத்து மாறும்தானே? மற்றக் கிரகங்களில் அதைப் பார்க்க முடியுமா?

பதுளை டீச்சர் எழுதியது:

முடியும் அண்ணே. எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான்.

நீங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவர் என்று முன்பு ஓர் இழையில் எழுதியிருந்தீர்கள். அங்கே சல்லடையில் தூள் கீழே இறங்கும், பெரிய இலை மேலே நிற்கும். வளிமண்டலம் அதற்கு நேர்மாறான சல்லடை. சின்னதை நிறுத்தும், பெரியதை விட்டுவிடும். எந்த அளவுக்குக் கீழே நிறுத்துகிறது என்பது ஒவ்வொரு கிரகத்துக்கும் வேறு.

வெள்ளியில் தரை மட்டத்தில் காற்றழுத்தம் நம்மைப் போல 90 மடங்குக்கு மேல். முக்கால்வாசிக்கும் மேலே, 96 வீதம், காபனீரொட்சைட்டு. மெகல்லன் விண்கலம் 1990 முதல் 1994 வரை ராடாரால் அந்த மேகத்துக்குள்ளே பார்த்துப் படம் எடுத்தது. ஏறக்குறைய ஆயிரம் குழிகள் கிடைத்தன. ஆனால் ஒன்றரை, இரண்டு கிலோமீற்றருக்குக் கீழே கிட்டத்தட்ட ஒரு குழிகூட இல்லை! சின்னக் குழியை உண்டாக்கும் கற்கள் எல்லாம் தரைக்கு வருவதற்குள் நொறுங்கிவிட்டன. சில இடங்களில் குழியே இல்லாமல் தரையில் கறுப்புத் திட்டு மட்டும் இருக்கிறது. கல் மேலேயே வெடித்து, அதிர்வலை மாத்திரம் தரையை அடித்த இடங்கள் அவை என்று கருதுகிறார்கள்.

பூமியிலும் அப்படி நடந்திருக்கிறது. 1908 யூன் 30இல் சைபீரியாவில் துங்குஸ்கா ஆற்றுப் பக்கம் 2,000 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட காடு சாய்ந்தது, குழி இல்லை. 2013 பெப்ரவரி 15இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஏறக்குறைய 20 மீற்றர் கல் 30 கிலோமீற்றர் உயரத்தில் வெடித்தது. வெளிச்சத்தைக் கண்டு சனங்கள் ஜன்னலுக்கு ஓடிவந்தார்கள். ஒளி முதலில் வரும், அதிர்வலை ஒன்றரை, இரண்டு நிமிடம் கழித்துத்தான் வரும். அது வந்தபோது கண்ணாடி நொறுங்கி ஏறக்குறைய 1,500 பேர் காயப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். வானத்தில் சூரியனைப் போலப் பிரகாசமாக ஏதும் வெடித்தால் ஜன்னலை விட்டு விலக வேண்டும்.

செவ்வாய் மறுபக்கம். காற்றழுத்தம் நம்மில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 2021 டிசெம்பர் 24, நத்தாருக்கு முதல் நாள், இன்சைட் கலத்தின் நிலநடுக்கக் கருவி 4 அளவுள்ள ஓர் அதிர்வைப் பதிந்தது. பிறகு சுற்றுக்கலம் எடுத்த படத்தில் 150 மீற்றர் அகலமான புத்தம்புதிய குழி இருந்தது. குழியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பனிக்கட்டித் துண்டுகள்! விழுந்த கல் 5 முதல் 12 மீற்றர்தான். அதே கல் பூமிக்கு வந்திருந்தால் வானத்திலேயே முடிந்திருக்கும்.

அழிக்கும் வேலைக்கு வியாழனின் நிலாக்களைப் பார்த்தால் போதும். கலிஸ்டோவில் குழி மேல் குழி, புதிதாக விழ இடமே இல்லை. அயோவிலோ ஒரு விண்கல் குழிகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை, எரிமலைகள் அத்தனையையும் மூடிவிடுகின்றன. இரண்டிலும் சொல்லும்படியான காற்று இல்லை. வித்தியாசம் முழுக்க முழுக்க அழிப்பதில்தான். காற்றை மட்டும் வைத்து விளக்கம் சொல்கிறவர்களுக்கு இந்த இரண்டு நிலாவும் பதில்.

கல்லுமலை (ஹட்டன்) எழுதியது:

இவ்வளவும் வாசித்துவிட்டு நிலாவைப் பார்க்காமல் இருக்காதீர்கள். நம் ஆட்கள் போயா லீவு என்று முழுநிலா அன்றுதான் பைனாகுலரை எடுக்கிறார்கள். குழி பார்க்க அதைவிட மோசமான நாள் இல்லை. அன்று நிலாவில் சூரிய வெளிச்சம் நேரே விழுகிறது, நிழலே இருக்காது. நிழல் இல்லாவிட்டால் பள்ளம் மேடு தெரியாது. போயா அன்று பார்க்க வேண்டியது டைக்கோ குழியின் கதிர்க்கோடுகளை. தெற்கே ஒரு வெள்ளைப் புள்ளியிலிருந்து நிலா முழுக்கக் கோடு கோடாகப் போயிருக்கும். 85 கிலோமீற்றர் குழி, 11 கோடி வருடத்துக்குக் கிட்டத்தட்ட வயது. நிலாவின் கணக்கில் அது நேற்று விழுந்தது. அதனால்தான் சிதறிய தூள் இன்னும் வெளுப்பாக இருக்கிறது.

குழிக்கு வளர்பிறை அஷ்டமியை விட்டால் நாள் கிடையாது. பொழுது சாயும்போது நிலா தலைக்கு மேலே நிற்கும். வெளிச்சமும் இருட்டும் பிரியும் கோட்டில் நடுப்பகுதியைப் பாருங்கள். சின்னத் தொலைநோக்கி போதும். மூன்று குழி வரிசையாக நிற்கும்: தொலமேயஸ், அல்போன்சஸ், ஆர்சாக்கேல். தொலமேயஸ் 150 கிலோமீற்றருக்கு மேல், ஆனால் மதில் தேய்ந்து, தரை வழவழப்பாக நிரம்பிப் போயிருக்கும். அல்போன்சஸில் நடுவில் ஒரு சிகரம் தலைகாட்டும். ஆர்சாக்கேல்தான் மூன்றிலும் இளையது, விளிம்பு கூர்மை, உள்மதில் படிப்படியாக இறங்கும், சிகரம் பளிச்சென்று நிற்கும். ஊவாக்காற்று சொன்ன அதே அடி விழுந்து, அமுங்கிய தரை திருப்பி மேலே எழும்பியதால் வந்த சிகரங்கள் அவை. வயது வித்தியாசத்தைப் புத்தகம் இல்லாமல் கண்ணாலேயே வாசிக்கலாம்.

மறுநாளும் பாருங்கள். டைக்கோவில் அன்றுதான் விடிகிறது. விளிம்பில் வெளிச்சம், உள்ளே கரும் இருட்டு. பொறுமையாகக் கண்ணை வைத்துக்கொண்டிருந்தால் இருட்டு நடுவில் ஒரு ஒளிப்புள்ளி தோன்றும். தரைக்கு வெயில் வருமுன் சிகரத்தின் உச்சிக்கு வெயில் வந்துவிட்டது என்று அர்த்தம். கலிலியோ 1610இல் இதே மாதிரி ஒளிப்புள்ளிகளைப் பார்த்துத்தான் நிலா வழவழப்பான உருண்டை இல்லை, மலையும் பள்ளமும் உள்ளது என்று எழுதினார்.

நம் பக்கத்தில் மாசி, பங்குனிதான் வானம் தெளிவு. டிசெம்பரில் மூடுபனியோடு மல்லுக்கட்ட வேண்டாம். அப்புறம், நிலாவில் சி.வி. இராமன் பெயரில் ஒரு குழி இருக்கிறது. புதன் கிரகத்தில் தியாகராஜர் பெயரிலேயே ஒன்று, கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர் அகலம். அது விண்கலப் படத்தில்தான் தெரியும்.

மலைச்சாரல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். வட்டம் முழுசாக இல்லை. மூன்று பக்கம் செங்குத்து மேடு, லயம் இருக்கும் கீழ்ப்பக்கம் திறந்திருக்கிறது. சதுப்பிலிருந்து ஓர் ஊற்று வழிந்து அந்த வழியாகத்தான் இறங்குகிறது. வாயருகே பெரிய பெரிய பாறைகள் மண்ணோடு கலந்து குவியலாகக் கிடக்கின்றன. ஒரு தாத்தா அங்கே எடுத்தது என்று கனமான கறுப்புக் கல் ஒன்றைக் காட்டினார், காந்தம் ஒட்டுகிறது. அது விண்கல்லா?

ஊவாக்காற்று எழுதியது:

கல்லை முதலில் முடித்துவிடுவோம். காந்தம் ஒட்டுவது போதாது. நம் மலைகளில் மக்னடைட் கலந்த பாறை நிறைய இருக்கிறது, அதுவும் கனம், அதுவும் காந்தத்தில் ஒட்டும். விண்கல்லில் மேலே மெல்லிய உருகிய கறுப்புத் தோல் இருக்கும், உள்ளே நிறம் வேறாக இருக்கும், காற்றுக் குமிழித் துளைகள் இருக்காது. மெருகிடாத ஓட்டின் பின்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் மக்னடைட்டாக இருக்கலாம். சந்தேகம் தீராவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறைக்குக் காட்டலாம். உடைக்க வேண்டாம்.

இனி முக்கியமானது. மூன்று பக்கம் செங்குத்து, பள்ளத்தாக்குப் பக்கம் திறப்பு, உள்ளே ஊற்று, வாயில் பாறையும் மண்ணும் கலந்த குவியல். தம்பி, இது பழைய மண்சரிவு உண்டாக்கும் வடிவம். நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் பெரியவர்கள் சொல்லும் 'கல்லு விழுந்தது' வானத்திலிருந்து இல்லாமல் மேல்மதிலிலிருந்து விழுந்ததாகவே இருக்கலாம். ஒரு முறை சரிந்த இடம் மறுபடியும் சரியலாம். அதுவும் கீழே லயம் இருக்கிறது என்கிறீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவில் என்ன நடந்தது என்று நம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

மேட்டின் உச்சியில் தரையில் வளைந்த வெடிப்புக் கோடு இருக்கிறதா, மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா, மழைக்குப் பிறகு ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறதா, புதிய இடத்தில் ஊற்று வெளிப்படுகிறதா, லயத்துச் சுவரில் புதிய வெடிப்பு உண்டா என்று பாருங்கள். இதில் எது இருந்தாலும் கிராம உத்தியோகத்தருக்கு எழுத்தில் கொடுத்து, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். மண்சரிவு அபாய வரைபடம் போடுவது அவர்கள்தான். படங்களை இங்கேயும் போடுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

மலைச்சாரல் எழுதியது:

சரி அண்ணே. உச்சிப் பக்கம் காடு அடர்த்தி, அங்கே போகவில்லை. வரும் ஞாயிறு தலைவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். கடிதத்தை இந்த வாரமே எழுதிக் கொடுக்கிறேன்.

கல்லுமலை எழுதியது:

நல்ல வேலை தம்பி. குழிப் பேச்சும் விட்டுப்போகக் கூடாது, அதனால் இலங்கையோடு தொடர்புள்ள ஒரு செய்தி. 2015 நவம்பர் 13, முற்பகல் 11.48 மணிக்கு, நம் நாட்டின் தெற்குக் கடலுக்கு மேலே ஒரு பொருள் வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்தது. அதற்கு வைத்த பெயர் டபிள்யூடி1190எஃப். எந்த நேரத்தில், எந்த இடத்தில் வரும் என்று முன்கூட்டியே கணித்து, விமானத்தில் போய்ப் படம் எடுத்தார்கள். அது இயற்கைக் கல் இல்லை, மனிதர் ஏவிய கலத்தின் பாகம். 1998இல் லூனார் புரொஸ்பெக்டர் கலத்தை நிலாவை நோக்கித் தள்ளிவிட்ட ராக்கெட் பகுதியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்த லூனார் புரொஸ்பெக்டர் எதைக் கொண்டுபோனது தெரியுமா? ஊவாக்காற்று எழுதிய அதே ஷூமேக்கரின் சாம்பலில் ஒரு பகுதியை. 1999 யூலை 31இல் கலம் நிலாவின் தென்துருவப் பக்கம் ஒரு குழியில் மோதவிடப்பட்டது. குழிகளுக்காகவே வாழ்ந்த மனிதருக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

பனிக்காடு எழுதியது:

அருமையான செய்தி தம்பி. என் பேத்தி உயர்தரம் படிக்கிறாள், அவள் கேட்கச் சொன்ன கேள்வி: அப்போபிஸ் என்ற கல் 2029இல் பூமியில் விழும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, உண்மையா?

பதுளை டீச்சர் எழுதியது:

விழாது என்று தைரியமாகச் சொல்லுங்கள் அண்ணே. 2021இல் ராடார் அளவீடுகளை வைத்துக் கணக்குப் பார்த்து, குறைந்தது அடுத்த 100 வருடத்துக்கு அது பூமியில் மோதாது என்று நாசா அறிவித்துவிட்டது. ஏறக்குறைய 340 மீற்றர் கல் அது. பூமியின் தரையிலிருந்து 32,000 கிலோமீற்றர் தூரத்தில் கடந்து போகும், அதாவது தொலைக்காட்சிச் செய்மதிகள் இருக்கும் உயரத்தை விடக் கிட்ட.

மிக அருகே வரும் நேரம் நம் கணக்கில் 2029 ஏப்ரல் 14 அதிகாலை 3.15 மணியளவு, சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி. அந்த உச்ச வெளிச்சம் ஐரோப்பாவுக்கும் ஆபிரிக்காவுக்கும்தான் நன்றாகத் தெரியும். ஆனால் அதற்கு முந்திய மணித்தியாலங்களில் அது இந்தியப் பெருங்கடலுக்கு மேலாகத்தான் வருகிறது. 13ஆம் திகதி இரவு தெற்கு வானத்தில் மெதுவாக நகரும் புள்ளியாகப் பைனாகுலரில் தேடலாம். அமாவாசையை ஒட்டிய இரவு என்பதால் நிலா வெளிச்சம் குறுக்கே வராது. பேத்தியிடம் இன்றைக்கே நாட்காட்டியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.